சமையலறையில் தொடங்கட்டும் முதல் பாடம்!

"ரயில் வந்தா ஜன்னலுக்கு ஓடுறான். காது கேட்காமலா ஓடுவான்? நீ ஒண்ணும் பயப்படாதேம்மா!"

சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் பாதையில், திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் நடுவே இருக்கிறது அண்ணனூர். மின்சார ரயில்களைப் பராமரிக்கும் பணிமனை உள்ள ஊர். அங்கே தண்டவாளத்தை ஒட்டிய ஒரு வீட்டில், ஒன்றரை வயதுப் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி தன் மருமகளிடம் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

பாட்டி பொய் சொல்லவில்லை. குழந்தை ஓடுவது நிஜம்தான். ஆனால் அவனை ஓடவைத்தது சத்தம்தானா? ரயில் வரும்போது தரை அதிர்கிறது. ஜன்னல் கம்பி நடுங்குகிறது. சுவரில் நிழல் ஓடுகிறது. காது கேட்காத குழந்தை இதையெல்லாம் கண்ணாலும் காலாலும் கவனித்துப் பழகியிருக்கும். அதனால்தான் தட்டைத் தட்டிப் பார்ப்பது, கதவைச் சாத்திப் பார்ப்பது போன்ற வீட்டுச் சோதனைகளை நம்பக்கூடாது. 'திரும்பிப் பார்த்தான்' என்று நாம் நிம்மதி அடையும் நேரத்தில், குழந்தையின் விலைமதிப்பற்ற மாதங்கள் போய்க்கொண்டிருக்கும்.

"ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்", "அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினாரு" - இந்த இரண்டு வசனங்களும் நம் வீடுகளில் எத்தனை குழந்தைகளின் சிகிச்சையைத் தள்ளிப்போட்டிருக்கின்றனவோ!

பரிசோதனைக்கு வயது ஒரு தடையே இல்லை. பிறந்து ஓரிரு நாளான சிசுவுக்கும் செய்யலாம். காதுக்குள் சின்னதாக ஒரு முனையைப் பொருத்தி, உள்காது பதில் கொடுக்கிறதா என்று பார்ப்பது ஓ.ஏ.ஈ. பரிசோதனை. தூங்கும் குழந்தையின் தலையில் சில பட்டன்களை ஒட்டி, சத்தம் மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது பெரா பரிசோதனை. ஊசி கிடையாது, வலி கிடையாது. ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்குவது என்பது உலக அளவில் மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அந்தக் கணக்கைத் தவறவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். ஆனால் இன்னொரு பொங்கலும் தீபாவளியும் போகட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். அண்ணனூரில் ரயில் ஏறினால், சென்ட்ரலுக்கு எதிரிலேயே இருக்கிறது ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. காது-மூக்கு-தொண்டைப் பிரிவு என்று கேட்டுப் போங்கள்.

இதற்குக் காரணங்கள் பல. நெருங்கிய சொந்தத்தில் திருமணம், கர்ப்ப காலத்தில் தாய்க்கு வந்த ருபெல்லா அம்மை, குறைப்பிரசவம், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல்... பல குழந்தைகளுக்கு எந்தக் காரணமும் தெரிவதில்லை. எதுவானாலும் 'கிரகணத்தில் வெளியே வந்தாய்' என்று தாயைக் குற்றம் சொல்வதில் அர்த்தமே இல்லை. அந்த நேரத்தில் அவளுக்கு வேறு வேலை நிறைய இருக்கிறது.

வீடு மௌனமாகும் நாள்

'குழந்தைக்குக் காது கேட்கவில்லை' என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து பல வீடுகளில் ஒரு விபரீதம் நடக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் அந்தக் குழந்தையிடம் பேசுவதை எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள்! "கேட்காத பிள்ளைகிட்ட என்னத்தைப் பேசுறது?" சோறு ஊட்டும்போது பேச்சில்லை. குளிப்பாட்டும்போது பேச்சில்லை. கையைப் பிடித்து இழுத்துப் போவதோடு சரி. காது கேட்கும் குழந்தையைவிட அதிகமாகப் பேச்சு தேவைப்படும் குழந்தைக்கு, வீட்டிலேயே குறைவாகப் பேச்சு கிடைக்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். காது நன்றாகக் கேட்கும் குழந்தை, தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவள் குரலைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்த பிறகு சுமார் ஒரு வருஷம் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் முதல் சொல்லைச் சொல்கிறது. அப்படியானால் இரண்டு வயதில் காது மிஷின் பொருத்திய குழந்தைக்கு, கேட்கும் வயது அன்றைக்குப் பூஜ்யம். அது அன்றுதான் பிறந்தது. "மிஷின் மாட்டி ஒரு மாசம் ஆச்சு, இன்னும் அம்மான்னு கூடச் சொல்லலையே" என்று பாட்டி அலுத்துக்கொண்டால், "ஒரு மாசக் குழந்தை எங்கே அத்தை பேசும்?" என்று கேளுங்கள். சட்டென்று புரியும்.

மூளையில் மொழிக்கான பாதைகள் மும்முரமாக உருவாவது முதல் மூன்று வருஷங்களில். அமெரிக்காவில் கொலராடோ மாநிலக் குழந்தைகளை வைத்து கிறிஸ்டின் யோஷினாகா-இடானோ குழுவினர் 1998-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆறு மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள், பிந்திக் கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிட மொழியில் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள்.

ஒரு நடிகரின் மனைவி

இதே போல ஒரு கதவுச் சத்தத்தில் தொடங்கிய கதை ஒன்று உண்டு. ஹாலிவுட் நடிகர் ஸ்பென்சர் டிரேசியின் மகன் ஜான் 1924-ல் பிறந்தான். குழந்தைக்குப் பத்து மாதமிருக்கும். அவன் தூங்கிக்கொண்டிருந்தபோது, வராந்தாக் கதவு தாய் லூயிஸின் கையிலிருந்து நழுவி 'படார்' என்று அடித்துக்கொண்டது. குழந்தை அசையவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்போதும் அசையவில்லை.

அந்தக் காலத்தில் காது மிஷின் என்பதெல்லாம் குழந்தைகளுக்கு எட்டாத விஷயம். லூயிஸ் அழுதாள். பிறகு எழுந்து, வீட்டு வேலைகளுக்கு நடுவிலேயே மகனுக்கு மொழி கற்றுக்கொடுக்கத் தொடங்கினாள். ஜான் பேசக் கற்றான், வளர்ந்து வால்ட் டிஸ்னி ஸ்டூடியோவில் ஓவியராக வேலை பார்த்தான். 1942-ல் லூயிஸ், தன்னைப் போன்ற தாய்மார்களுக்காக லாஸ் ஏஞ்சல்ஸில் ஜான் டிரேசி கிளினிக்கைத் தொடங்கினாள். அடுத்த ஆண்டிலிருந்து தபால் வழிப் பாடங்களும் போகத் தொடங்கின. இலவசமாக! உலகின் எந்தெந்த மூலையிலோ இருந்த பெற்றோருக்கும் அவை போய்ச் சேர்ந்தன. பாடத்தின் சாரம் இதுதான்: குழந்தைக்கு முதல் ஆசிரியர் பெற்றோர், முதல் வகுப்பறை வீடு.

நம் சென்னையிலும் அதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. அடையாறில் 1969-ல் தொடங்கப்பட்ட பால வித்யாலயா, காது கேளாத சின்னக் குழந்தைகளுக்கான பள்ளி. நடக்கத் தெரியாத பருவத்திலேயே சேர்த்துக்கொள்கிறார்கள். குழந்தையோடு அம்மாவும் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பது இங்கே முக்கியமான விஷயம். காது மிஷின் மூலம் கேட்கவைத்து, இயல்பான உரையாடல் மூலமாகவே பேச வைக்கும் இவர்களுடைய முறைக்கு 'த்வனி' என்று பெயர். ஐந்தாறு வயதில் சாதாரணப் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்த பிள்ளைகள் பலர். அண்ணனூரிலிருந்து அடையாறு போய் வருவதென்றால் அரைநாள் பாடு. ஆனால் அப்படிப் போய் வரும் தாய்க்கும் பள்ளியில் கிடைப்பது சில மணி நேரம்தான். மிச்சமுள்ள நேரமெல்லாம் வீட்டில்தானே? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம்.

"படம் காட்டிச் சொல்லிக் கொடுக்கட்டுமா?"

நடுத்தரக் குடும்பங்களில் முதலில் வாங்குவது பழப் படம், மிருகப் படம் போட்ட சார்ட்டுகள். "இது என்ன? ஆப்பிள். சொல்லு, ஆப்பிள்!" குழந்தை சொல்லாது. அம்மாவுக்குக் கண்ணீர் வரும். மறுநாள் குழந்தை சார்ட்டைப் பார்த்தாலே ஓடும். யோசித்துப் பாருங்கள், காது கேட்கும் எந்தக் குழந்தையும் சார்ட்டைப் பார்த்தா பேசக் கற்றது? நீங்கள் பேசுவதைக் கேட்டுத்தானே!

காலையில் பால் காய்ச்சுகிறீர்கள். குழந்தையை (அடுப்பிலிருந்து தள்ளித்தான்) மேடைக்குப் பக்கத்தில் உயரமாக உட்காரவையுங்கள். உங்கள் முகமும் அவன் முகமும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். "பால் ஊத்தலாமா? ஊத்து, ஊத்து... போதும்! பால் சூடா இருக்கு. ஊதலாம். ஆ, பொங்குது பார், பால் பொங்குது!" இந்த இரண்டு நிமிஷத்தில் 'பால்' என்ற சொல் எத்தனை வேஷத்தில் வந்துவிட்டது! சார்ட்டில் இருக்கும் பாலுக்குச் சூடும் இல்லை, பொங்கவும் தெரியாது.

குக்கர் விசில் அடிக்கும்போது உடனே குக்கரைக் காட்டாதீர்கள். முதலில் உங்கள் காதைத் தொட்டு, முகத்தில் ஆச்சரியம் காட்டி, "கேட்டியா?" என்று கேளுங்கள். ஒரு விநாடி பொறுத்து, "குக்கர் விசில் அடிக்குது" என்று சொல்லி, அப்புறம் காட்டுங்கள். முதலில் காது, பிறகு கண். இந்த வரிசையை மாற்றினால் குழந்தை கண்ணையே நம்பிக்கொண்டு, மிஷின் தரும் சத்தத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

ஒரு முக்கியமான விஷயம். ஒற்றைச் சொல்லாகப் பேசாதீர்கள். "தண்ணி", "சட்டை", "வா" என்று தந்தி அடிப்பது போலப் பேசினால் புரியும் என்று நினைக்கிறோம். ஆனால் நம் தமிழில் விஷயமே சொல்லின் வாலில்தான் இருக்கிறது. சட்டையில, சட்டைக்கு, சட்டையை. வந்தான், வந்தா, வருவான். அந்த வால் பகுதியை நாம் மெதுவாக, முழுங்கி முழுங்கிச் சொல்லுகிறோம். காது கேளாத குழந்தைக்கு முதலில் நழுவிப் போவதும் அதுதான். ஆகவே சின்னச் சின்ன, ஆனால் முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். "சட்டையில சாம்பார் கொட்டிடுச்சு. சட்டையைக் கழட்டலாம். அப்பா சட்டை பெருசு, உன் சட்டை குட்டி!" துணி மடிக்கும் வேலை ஒன்று போதும், பெரிசு, சின்னது, ஈரம், காய்ஞ்சது, என்னுது, உன்னுது எல்லாம் வந்துவிடும். சாக்ஸில் ஒன்றைக் காணோமென்றால் இன்னும் நல்லது. "எங்கே போச்சு?" என்று இருவருமாகத் தேடுங்கள்.

அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றிப் பேசுங்கள். நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டிருக்க, அவன் கண் சுவரில் ஓடும் பல்லியின் மேல் இருந்தால், அந்த நேரத்துப் பாடம் பல்லிதான். கீரை காத்திருக்கட்டும். பேசிவிட்டுச் சற்று நிறுத்துங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணலாம். அவன் ஒரு சத்தம் எழுப்பலாம், கையை ஆட்டலாம், உங்கள் முகத்தைப் பார்க்கலாம். அதுதான் அவன் பதில். நம்மில் பலர் அந்த ஐந்து விநாடியைக் கொடுப்பதே இல்லை!

கத்திப் பேச வேண்டாம். வாயை அகலமாகக் கோணிப் பேசவும் வேண்டாம், உதட்டின் இயல்பான அசைவு அதில் கெட்டுப்போகும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் உங்கள் முகம் இருட்டாகத் தெரியும். தூரமும் முக்கியம். அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை, கை எட்டும் தூரத்தில் மிஷின் நன்றாக வேலை செய்யும். டி.வி., மிக்ஸி, கிரைண்டர் ஓடினால் மிஷின் அதையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். சீரியலை நிறுத்த மாட்டேன் என்று அடம்பிடிப்பவர்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்!

எந்த மொழியில் பேசுவது? ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளாலும் எஸ்டேட்டாலும் பல மொழிக்காரர்கள் குடியேறிய தெருக்கள் நிறைய. உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் பேசுங்கள், தெலுங்கோ மலையாளமோ எதுவானாலும். நாளை ஸ்கூலில் இங்கிலீஷ் வேண்டுமே என்று தடுமாறிய ஆங்கிலத்தில் பேசினால், குழந்தைக்கு வாழைப்பழத்தின் ஆங்கிலப் பெயர் கிடைக்கும், பேச்சு கிடைக்காது. பேசுவதும் பேச்சுத் தமிழாகவே இருக்கட்டும், மேடைத் தமிழ் வேண்டாம்.

டிக்கெட் ஒட்டிய நோட்டு

செலவே இல்லாத ஒரு நல்ல வழி, அனுபவ நோட்டு. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். அன்றைக்கு அண்ணனூரிலிருந்து ஆவடி மார்க்கெட்டுக்கு ரயிலில் போய் வந்தீர்களா? அந்த டிக்கெட்டை நோட்டில் ஒட்டுங்கள். (மொபைலிலேயே டிக்கெட் எடுப்பவர்கள் அன்றைக்கு மட்டும் கவுன்டரில் நிற்கலாம்.) பக்கத்தில் ஒரு ரயில் படம் வரையுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. கீழே "நாம ரயில்ல போனோம். பூ வாங்கினோம்" என்று பெரிய எழுத்தில் எழுதி, காய்ந்த பூவிதழ் ஒன்றையும் ஒட்டுங்கள். ராத்திரி அப்பா வந்ததும் மடியில் உட்காரவைத்து அந்தப் பக்கத்தைப் புரட்டட்டும். "அட, ரயில்ல போனியா? யார் கூடப் போனே?"

இதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. கண் முன்னால் இல்லாததைப் பற்றிப் பேச முடியும் என்பதைக் குழந்தை அப்போதுதான் தெரிந்துகொள்கிறது. நேற்று, நாளைக்கு என்ற சொற்களுக்கு அர்த்தம் அங்கிருந்துதான் பிறக்கிறது.

அப்பாவைச் சொன்னேன் அல்லவா? எஸ்டேட்டில் ஷிப்டு முடித்து ஒன்பது மணிக்கு வருபவராக இருந்தாலும் பத்து நிமிஷம் உண்டு. அம்மா ஒருத்தியே எல்லாம் என்று விட்டால் அவள் உடைந்துபோவாள். பாட்டிக்கு ஒரு வேலை கொடுங்கள், உள்ளங்கையில் பருப்பு கடையும் விளையாட்டைவிட நல்ல பாடம் எந்த நிபுணருக்கும் தெரியாது. தாத்தாவுக்கு மாடிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் நேரம். அக்காவுக்குக் கண்ணாமூச்சி. ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு விதம், குழந்தை எல்லாக் குரலுக்கும் பழகட்டும்.

மிஷின் அலமாரியில் தூங்கக்கூடாது

இத்தனையும் பலிக்க வேண்டுமானால், விழித்திருக்கும் நேரமெல்லாம் மிஷின் காதில் இருக்க வேண்டும். விசேஷத்துக்கு நகை போடுவது போல டாக்டரிடம் போகும்போது மட்டும் மாட்டுவது கூடாது. சில வீடுகளில் கல்யாணத்துக்குப் போகும்போதுதான் கழற்றி வைக்கிறார்கள், "நாலு பேர் பார்ப்பாங்க" என்று! குழந்தை பிடுங்கி எறிந்தால் திட்டாமல் திரும்ப மாட்டுங்கள்.

தினமும் காலையில் மாட்டியவுடன் ஒரு சோதனை. டேனியல் லிங் என்ற நிபுணர் சொன்ன ஆறு ஒலிகள்: ஆ, ஈ, ஊ, ஷ், ஸ், ம். வாயைக் காட்டாமல், பின்பக்கமிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லி, குழந்தை கவனிக்கிறதா என்று பாருங்கள். நேற்று 'ஸ்' கேட்டவன் இன்று கவனிக்கவில்லையென்றால் பேட்டரியோ மிஷினோ சளிபிடித்த காதோ, ஏதோ ஒன்று சரியில்லை. மிஷின் 'கீ' என்று விசிலடித்தால் காது அச்சு தளர்ந்திருக்கலாம். குழந்தையின் காது வளர வளர அச்சை மாற்ற வேண்டும். நம் ஊர் வியர்வையும் புழுக்கமும் மிஷினுக்கு எதிரி, இரவில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். பட்டன் பேட்டரி குழந்தை கைக்கு எட்டவே கூடாது. விழுங்கிவிட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மிஷினால் பலன் போதாத குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை இருக்கிறது. தமிழக அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதைச் செய்கிறார்கள். வருமான வரம்பு உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்ததும் குழந்தை பேசிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். அன்றுதான் கேட்கும் வயது தொடங்குகிறது. மேலே சொன்ன பாலும் குக்கரும் நோட்டும் அப்போதும் வேண்டும்.

"கையால் ஜாடை காட்டினால் பேச்சு வராமல் போய்விடுமா?" என்று பல தாய்மார்கள் பயப்படுகிறார்கள். இதில் நிபுணர்களிடையே இரண்டு கட்சி உண்டு. கேட்பதையும் பேசுவதையும் மட்டுமே வற்புறுத்தும் பள்ளிகள் சைகையைத் தவிர்க்கச் சொல்லலாம். எங்கே சேர்க்கிறீர்களோ அங்கே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆனால் சைகை மொழியும் முழுமையான ஒரு மொழிதான். இந்தியச் சைகை மொழிக்கென்றே டெல்லியில் 2015-ல் மத்திய அரசு ஒரு மையம் தொடங்கியிருக்கிறது. மிஷினும் இம்ப்ளான்டும் எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி பலன் தருவதில்லை. என்னைக் கேட்டால், ஐந்து வயதில் ஒரு குழந்தை வாயாலும் பேசாமல் கையாலும் பேசத் தெரியாமல் நிற்பதுதான் உண்மையான நஷ்டம். பேச்சு வரத் தாமதமானால் கையைக் கட்டிப்போடாதீர்கள்.

பாட்டியின் கேள்விக்கு வருவோம். "எப்போம்மா பேசுவான்?" தேதி குறித்துத் தர யாராலும் முடியாது. ஆனால் காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, அவனுக்குப் புரியும் சொற்களை ஒரு பக்கமும், அவன் சொல்லும் சொற்களை இன்னொரு பக்கமும் குறித்துக்கொண்டே வாருங்கள். முதல் பக்கம் நிரம்பிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது பக்கம் காலியாகவே இருக்கும். அதுதான் இயல்பு. முதல் சொல் 'அம்மா'வாகத்தான் இருக்கும் என்றும் காத்திருக்காதீர்கள். தினம் பத்துத் தடவை ஜன்னலில் நின்று "ரயில் வருது... வருது... போச்சு!" என்று பாட்டி சொல்லிக்கொண்டிருக்கும் வீட்டில், அது 'போச்சு' என்றுகூட இருக்கலாம்.